டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பியவர்கள்

பொன்னேரியிலிருந்து ஏரிப்பக்கம் போகும் பஸ், சாலை முடிகிற இடத்தில் திரும்பி நிற்கும். அந்த இடத்தில் ஓடு வேய்ந்த ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு வார்டு. இரண்டையும் சேர்த்தாலும் இருபது கட்டில் தேறாது. பங்கஜவல்லி அங்கே டாக்டராக வந்து சேர்ந்தது 1965-ல்.

அவள் அப்பா ராமானுஜம் திருவள்ளூர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்தவர். சென்னையில் இருந்த தாய்மாமன் வீட்டில் தங்கி அவள் டாக்டருக்குப் படித்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்ற இடத்தில் வந்து நின்றுபோனது. அம்மா காலமான பிறகு ராமானுஜம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். கிணற்றில் தானே இறைத்த தண்ணீரில் தானே சமைத்தார். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதில் அவர் கண்டிப்பு. மற்றபடி அவள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

காலையில் வராந்தா நிறைந்துவிடும். ஏரியில் இறால் பிடிக்கிறவர்கள், கடலோரக் குப்பத்து ஜனங்கள், நெல் வயல்களில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். மருந்து கொடுப்பது அவளுக்குப் பெரிய வேலையாக இல்லை. யாரைப் படுக்கவைப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதுதான் வேலை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த காலத்திலேயே அதில் அவளுக்குக் கை வந்திருந்தது. நாடி, கண், நாக்கு, மூச்சு, இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவள் பார்க்கும் வார்டில் எப்போதும் ஒரு கட்டில் காலியாக இருக்கும் என்று பெரிய டாக்டர் ஒருவர் எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டு அவள் மனசில் கொஞ்சம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

வந்த மறு வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஏரியோரத்தில் வாந்திபேதி பரவியது. கட்டில்கள் நிரம்பி, வார்டில் நடக்கிற வழியிலும் பாய் போட்டாயிற்று. கங்கம்மா என்ற நர்ஸ் வீட்டுக்கே போகாமல் சலைன் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு காலையில் கோரைத்திட்டிலிருந்து தேசப்பன் தன் மனைவி கனகாம்பாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோரைத்திட்டு ஏரிக்கு நடுவே கிடக்கும் மணல் மேடு. முப்பது நாற்பது குடிசை இருக்கும். படகை விட்டால் வேறு வழி கிடையாது.

கனகாம்பாள் தானே நடந்து வந்தாள். முதல் நாள் பூராவும் பேதி போயிருக்கிறது. விடிந்ததிலிருந்து நின்றுவிட்டது. கஞ்சித் தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. பங்கஜவல்லி நாடி பிடித்துப் பார்த்தாள், நன்றாக இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள், உடனே படிந்தது. கண் குழிவிழவில்லை. கனகாம்பாளுக்கும் அங்கே இருக்க மனமில்லை. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், அந்தக் கிழவிக்குக் கண் சரியாகத் தெரியாது. பங்கஜவல்லி மாத்திரை கொடுத்து, கஞ்சியில் உப்புப் போட்டு வேளை தவறாமல் குடிக்கச் சொன்னாள். மறுபடியும் பேதி போனால் தாமதிக்காமல் உடனே வரவேண்டும் என்று தேசப்பனிடமும் சொல்லி அனுப்பினாள். அவளைப் படுக்கவைத்துப் பார்த்த கட்டிலில் அடுத்த நிமிஷமே வேறொருவரைப் படுக்கவைத்தார்கள்.

அன்று மத்தியானமே வாடைக்காற்று கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. ஒரு ஓடு பெயர்ந்து விழுந்தது. பங்கஜவல்லிக்கு வார்டில் தலை நிமிர நேரமில்லை. காற்றையும் கோரைத்திட்டையும் சேர்த்து நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காற்று தணிந்ததும் தேசப்பன் வந்தான். மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வராந்தாவில் ஏறி நின்றான். பங்கஜவல்லிக்குத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் தொட்டுப் பார்த்தாள்.

"திருப்பியும் போனா உடனே இட்டாரச் சொன்னியேம்மா," என்றான் தேசப்பன். "காத்து வுடல. இப்பத்தான் வுட்டுது. இட்டாந்துட்டேன்."

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்தவனைப் போலச் சொன்னான். கங்கம்மாதான் அவனை உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்து கனகாம்பாளின் மேல் போர்த்தினாள்.

மாவட்டச் சுகாதார அதிகாரி ஆதிகேசவன் அந்த வாரம் பார்வையிட வந்தார். வயசான, நிதானமான மனிதர். நடந்ததை அவளே அவரிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த நிலைமையில் தானாக இருந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன், உன் மேல் எந்தத் தவறும் இல்லை என்றார். மனசாரத்தான் சொன்னார். அவர் ஜீப் ஏறிப் போன பிறகு பங்கஜவல்லி யோசித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகச் செய்தும் ஒருத்தி செத்துப்போனாள் என்றால், நாளைக்கு வருகிறவளுக்கும் அதே சரியைத்தானே செய்யப்போகிறோம் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு அவள் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சாதாரண ஜுரமா, இருக்கட்டும். தேள் கடித்து வலி இறங்கிவிட்டதா, ஒரு நாள் இருக்கட்டும். வார்டில் கால் வைக்க இடமில்லாமல் வராந்தாவுக்கும் பாய்கள் வந்தன. ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே கக்கூஸ். இத்தனை பேரைத் தன்னால் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்று கங்கம்மா இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். பங்கஜவல்லி காதில் வாங்கவில்லை. ராத்திரி படுத்தால் எல்லோரும் கண்ணுக்கெதிரே இருக்கிறார்கள் என்ற ஒரு நினைப்பில்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

பஸ் நிற்கும் தெருவிலேயே குடியிருந்தவள் குப்பாயி. அவளுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குச் சளியும் ஜுரமும். மூச்சு சீராக இருந்தது. பால் குடித்தது, சிரித்தது. வீடு கூப்பிடு தூரம்தான், காலையும் மாலையும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று குப்பாயி கேட்டாள். பங்கஜவல்லி ஒப்பவில்லை. மூன்றாம் நாள் குழந்தைக்கு ஜுரம் விட்டது. அன்றைக்கே பேதி பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பாயில் கிடந்தவரிடமிருந்து வந்ததுதான், அதில் சந்தேகமே இல்லை.

குழந்தை பிழைத்தது. பிழைக்கவைப்பதற்குள் பங்கஜவல்லியும் கங்கம்மாவும் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பிஞ்சுக் காலில் நரம்பு தேடித் தேடி ஊசி ஏற்றின இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்ட நாளின் மறுநாள் காலையில் பாய் காலியாகக் கிடந்தது. குப்பாயி யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். பிறகு தெருவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தத் தெருவிலிருந்து கொஞ்ச காலம் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

அந்த நாட்களில் பங்கஜவல்லி சரியாகச் சாப்பிடவில்லை. ராமானுஜம் இலையில் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "சாதம் பிடிக்கலையாடி?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று அவள் தலையாட்டினாள். கனகாம்பாளையும் குப்பாயியையும் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவும் உன் மேல் தவறில்லை என்பார் என்று பயந்தாள்.

தை பிறந்து, நோய் அடங்கி, வார்டு காலியான பிறகு அவள் ஏரிக்கரைக்குப் போனாள். தேசப்பன் படகிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் கோரைத்திட்டைப் பார்க்கவேண்டும் என்றாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. படகில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துப் பிழிந்து, பலகையின் மேல் விரித்து அவளுக்கு இடம் பண்ணினான்.

ஏரியில் அவள் போவது அதுதான் முதல் தடவை. கரையிலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்த திட்டு, போகப் போகத் தள்ளித் தள்ளிப் போயிற்று. நடுவில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தேசப்பன் இறங்கி, மார்பைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு நடந்தான். அன்றைக்குக் காற்றே இல்லை. காற்று எதிர்த்து அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவள் கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

திட்டில் இறங்கியதும் தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டாள். குடிசைகளுக்குப் பின்னால் மணலில் தோண்டிய குழிகளைக் காட்டினார்கள். ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக, இலேசாக உப்புக் கரித்தது. மழைக் காலத்தில் ஏரி ஏறினால் குழிகளெல்லாம் ஒன்றாகிவிடும். அதைச் சுற்றியுள்ள மணல்தான் ஜனங்கள் வெளிக்குப் போகிற இடமும். கனகாம்பாள் கஞ்சி காய்ச்சியது, மாத்திரை விழுங்கியது, எல்லாம் இந்தத் தண்ணீரில்தான். பானையில் பிடித்து வைத்து, கொதிக்கவைக்காமல் மொண்டு குடித்ததும் இதைத்தான். எதனால் நோய் வந்ததோ அதற்குள்ளேயே அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது பங்கஜவல்லிக்கு அந்தக் குழி ஓரத்தில் நின்றபோதுதான் விளங்கியது. வெயிலில் நெடுநேரம் நின்றாள். தேசப்பனுடைய மகள் முத்தம்மாள், அப்போது எட்டு வயசுச் சிறுமி, வேலி ஓரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது தேசப்பன் அவளைக் கரையில் இறக்கிவிட்டான்.

அன்றிலிருந்து அவள் கேட்கிற கேள்விகள் மாறின. நாடி பார்த்துக்கொண்டே, எந்தத் தண்ணீர் குடிக்கிறாய், பக்கத்தில் முழித்திருந்து பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், இங்கே வந்து சேர எத்தனை நேரமாகும் என்று விசாரிப்பாள். ஒரே நோய்தான், ஒரே ஜுரம்தான். பஸ் தெருக்காரியை வீட்டுக்கு அனுப்புவாள், திட்டுக்காரியை நிறுத்திக்கொள்வாள். இதைப் பார்த்து, டாக்டரம்மா ஆள் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்கிறாள் என்று ஒரு பேச்சும் எழுந்தது. ஆள் பார்ப்பது உண்மைதான் என்பதால் அவள் அதை மறுக்கவில்லை.

கட்டில் தேவைப்படாதவர்கள், ஆனால் அக்கரைக்கு அனுப்பவும் முடியாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்காக ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒரு கொட்டகை போடவேண்டும் என்றாள். அரசாங்கத்தில் அதற்கு வழியில்லை. உள்நோயாளியும் இல்லை, வெளிநோயாளியும் இல்லை என்றால் அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஆதிகேசவன் கேட்டார். எந்தக் கணக்கிலும் எழுதவேண்டாம், நீங்கள் பார்க்காத மாதிரி இருந்தால் போதும் என்றாள். அவர் அவள் காட்டிய இடத்தின் பக்கம் திரும்பாமலே ஜீப்பில் ஏறினார். திட்டிலிருந்து பனை வாரையும் கோரையும் வந்து இறங்கின. கூரை வேய்ந்தவர்களில் தேசப்பனும் ஒருவன். சொந்தக்காரர்கள் கூட இருந்து, ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீரில் பொங்கிப் போட்டுக்கொண்டு, பயம் தெளிந்ததும் புறப்பட்டுப் போவார்கள். ஜனங்கள் அதற்கு அக்கரைக் கொட்டாய் என்று பெயர் வைத்தார்கள்.

1972-ல் ராமானுஜத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் நினைவு தப்பவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனாலும் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசை. அவரும் அதையே கேட்டார். மற்றவர்களிடம் கேட்கிற கேள்விகளை அவள் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஒருவரும் இல்லை. புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை, நெஞ்சில் ஏறாமல் தண்ணீர் புகட்ட ஆள் இல்லை. வேறொருவருடைய அப்பாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதையே செய்தாள். அவரை ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தாள்.

வாழ்நாள் பூராவும் மடியும் ஆசாரமுமாக இருந்தவர், இரண்டு பக்கமும் மீன்பிடிக்கிறவர்கள் படுத்திருக்க நடுவில் கிடந்தார். முதல் நாள் கங்கம்மா புகட்டிய தண்ணீரை வாயைத் திறக்காமல் வழியவிட்டார். மகள் வந்து நின்றதும் அவளைப் பார்த்து, "என்னை ஆத்துக்கு அனுப்பிடுடி," என்றார். அவள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து, பக்கத்துக் கட்டில்காரன் தட்டுத்தடுமாறி எழுந்து அவர் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். அன்று சாயங்காலம் கங்கம்மா கொண்டுவந்த தண்ணீரை அவர் குடித்தார். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் உயிரோடு இருந்தார். படுக்கைப் புண் இல்லாமல், புரை ஏறாமல், ஒரு விடிகாலையில் அடங்கினார். அவர் கேட்டதைக் கொடுக்கவில்லையே என்ற துக்கம் பங்கஜவல்லிக்குக் கடைசிவரை இருந்தது. செய்தது தவறென்று மட்டும் அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு பங்குனி மாதத்தில் தேசப்பன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். முத்தம்மாளுக்குக் கல்யாணமாகி, கையில் ஐந்து மாதக் குழந்தை. மாதக் கணக்கில் இருமல், மாலையானால் ஜுரம், உடம்பு பாதியாக இளைத்திருந்தது. சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று உறுதியானது. புருஷன் வீட்டார் அவளைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து அப்பன் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குணமாகாமல் வரவேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. குழந்தையைக் கொடுத்துவிடு என்றும் கேட்டிருந்தார்கள்.

தாம்பரத்தில் காசநோய்க்காரர்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி உண்டு. அங்கே போனால் ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். குழந்தையைக் கொண்டுபோக முடியாது. அங்கே போகாமல் வீட்டில் இருந்தபடியே ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது, குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று சென்னையிலேயே ஆராய்ந்து சொல்லிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. பங்கஜவல்லி அதை நன்றாகப் படித்திருந்தாள். திட்டில் இப்போது பஞ்சாயத்துப் போட்ட அடிபம்பு இருந்தது. தேசப்பன் குடிசை காற்றோட்டமானது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இதைக் கனகாம்பாளின் புருஷனிடம் சொல்லவேண்டியிருந்தது.

"தாம்பரத்துக்கு எழுதிக் குடும்மா," என்றான் தேசப்பன். "இல்லன்னா இங்கியே ஒரு கட்டில் குடு. ஊட்ல வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"முத்தம்மாளை வீட்டிலேயே வச்சுக் குணப்படுத்தலாம். அதுதான் அவளுக்கு நல்லதுன்னு நினைக்கிறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவள் முகத்தை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"இப்டித்தான் இவ ஆத்தாளுக்கும் சொன்ன," என்றான்.

கங்கம்மா கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். பங்கஜவல்லி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆமா, சொன்னேன். அன்னிக்குக் கனகாம்பாளோட நாடியைத்தான் பார்த்தேன். நீங்க என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு பார்க்கல. காத்து திரும்பினா படகு வராதுன்னும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்ப தெரியும். அதனாலதான் சொல்றேன். வாரத்துல ரெண்டு ஊசி. வியாழக்கிழமை நான் வர்றேன், திங்கக்கிழமை கங்கம்மா வருவாங்க. படகு மட்டும் நீங்க கொண்டுவரணும். மாத்திரையை உங்க கண்ணெதிர்ல அவ முழுங்கணும். காத்தடிக்கிற மாசத்துல இங்க கொட்டாய்ல வந்து இருக்கட்டும்."

"கொயந்த?"

"அவகிட்டயே இருக்கட்டும். அதுக்கும் கொஞ்சம் மருந்து தர்றேன்."

தேசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது கெட்டுப்போவாதுன்னு சொல்லுவியா?"

பங்கஜவல்லிக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. "கெட்டுப்போகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது," என்றாள். "தாம்பரம் போனாலும் அப்படித்தான். ஆனா ஒண்ணு, கெட்டுப்போனா எனக்கு அந்த வாரமே தெரிஞ்சிடும்."

அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்த முத்தம்மாள் அப்போது பேசினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். "நைனா, ஊட்டுக்கே போலாம். இந்தக் கொயந்தய வுட்டுட்டுப் போனா நான் நோவுல சாவ மாட்டேன், அதுலயே செத்துருவேன்."

தேசப்பன் எழுந்தான். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டான். என்றைக்குப் படகு கொண்டுவரவேண்டும் என்று கேட்டான்.

அந்த வருஷம் பூராவும் பங்கஜவல்லி வியாழக்கிழமைகளில் ஏரியைக் கடந்தாள். தேசப்பன் குடிசைக்கு வெளியே தென்னை ஓலைத் தடுப்பு கட்டி முத்தம்மாளுக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். மூடி போட்ட டப்பாவில் சளியைத் துப்பினாள், தேசப்பனே அதைக் கொண்டுபோய் எரித்தான். மூன்றாம் மாதம் இருமல் குறைந்தது, முகத்தில் சதை வைத்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்த அந்தச் சமயத்தில்தான் ஒரு சங்கடம் நேர்ந்தது. ஆடி மாதத் திருவிழாவுக்குப் புருஷன் வந்து கூப்பிட்டான் என்று முத்தம்மாள் அவன் ஊருக்குப் போய்விட்டாள். மாத்திரையைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் நோய்க்காரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று வெட்கம். இரண்டு வியாழக்கிழமை பங்கஜவல்லி வெறும் குடிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று படகில் வரும்போது நினைத்துக்கொண்டாள். தேசப்பன் கோலை ஊன்றிக்கொண்டே, நான் போய் இட்டார்றேன் என்று மட்டும் சொன்னான். சொன்னபடியே அடுத்த வாரத்துக்குள் கூட்டிவந்தான். அவளையும் குழந்தையையும் மட்டுமல்ல, மருமகனையும் கூட்டிவந்தான். பங்கஜவல்லி அந்தப் பையனை உட்காரவைத்து விவரமாகச் சொன்னாள். அதன் பிறகு அவன் மாதத்தில் பாதி நாள் திட்டிலேயே தங்கினான்.

மறுபடி எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. வாடைக்காற்று மாதத்தில் முத்தம்மாள் குழந்தையோடு கொட்டாயில் வந்து இருந்தாள். அந்த வருஷப் புயலில் கொட்டாய்க் கூரை பறந்துபோனபோது அவர்களை இரண்டு நாள் பெண்கள் வார்டு வராந்தாவில் வைக்கவேண்டியிருந்தது. மழை விட்டதும் திட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே படகில் வாரையும் கோரையும் ஏற்றிக்கொண்டு வந்து கூரையை மறுபடி போட்டார்கள்.

மருந்து முடிந்த பிறகு பங்கஜவல்லி முத்தம்மாளைப் பஸ்ஸில் திருவள்ளூருக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். தேசப்பனும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். நெஞ்சில் பழைய புண் ஆறி, ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவள் விளக்கினாள். தேசப்பன் நெடுநேரம் அதைப் பார்த்தான். அவனுக்கு அதில் என்ன தெரிந்ததோ தெரியவில்லை. வெளியே வந்ததும் குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லி, ஒரு ஓட்டலில் எல்லோருமாக இட்லி சாப்பிட்டார்கள்.

1977-ல் அவளைத் திருவள்ளூருக்கே மாற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரி, கட்டில்கள் அதிகம், வருகிறவர்கள் அதைவிட அதிகம். அப்பாவின் பழைய வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்துத் தனியாகக் குடியேறினாள். முதல் நாள் காலையில் கடம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது, பங்கஜவல்லி குழந்தையின் நாடியைப் பிடித்தபடியே அந்தப் பெண்ணிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நர்ஸ், இதை எதற்கு விசாரிக்கிறாள் என்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பெண் பதில் சொல்ல நேரமாயிற்று. அவள் சொல்லி முடிக்கிற வரை பங்கஜவல்லி கையை எடுக்காமல் காத்திருந்தாள்.